நீங்கள் காலி விட்ட அரைப் பக்கம்

என் அன்பான என்னங்க,

உயிரோடு இருந்தபோதே பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனிமேல் எங்கே பழகுவது?

பாலக்கரை வீட்டில் எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர. எனக்குக் கோபம். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது, தொடராக வந்து பாதியில் நின்ற உங்கள் கடைசிப் பேய் நாவலின் வாசகர்கள் என் உயிரை வாங்குகிறார்கள். "அம்மா, அந்த மில் முதலாளியைப் பேய் எப்படிங்க கொல்லுது?" என்று முசிறிக்காரர் ஒருவர் வாரம் தவறாமல் போன் செய்கிறார். நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பதிப்பாளரும் விடுவதாக இல்லை. "கடைசி நாவல்ல அந்த ஒரு கொலைதாங்க பாக்கி. வேற யாரையாவது வச்சு எழுதிக்கலாமா?" என்கிறார். வேறு யாரையாவது! சிரிப்பதா, அழுவதா?

சரி, ஊரறியச் சொல்லிவிடுகிறேன். கோழிக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற மனிதர் நீங்கள். ஊசி போட்டாலே மயக்கம். பங்களாக் கதவு கிறீச்சிடும்வரை எழுதுவீர்கள். அப்புறம் அரைப் பக்கம் காலி விட்டு, தாளைக் கொண்டுவந்து என் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைப்பீர்கள். "ஸ்டெல்லா, இந்த இடத்துல ஒரு கொலை வேணும். பார்த்துப் போடு." காந்தி மார்க்கெட் கெளுத்தியை அறுத்த கையோடு, இருபத்தாறு வருடம் நான்தான் போட்டேன். "இவ்வளவு ரத்தம் தேவையா?" என்று பங்குச் சாமியார் உங்களைக் கடிந்துகொண்டபோது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நீங்களும் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது அதே கேள்வி எனக்கு வருகிறது. பேப்பரைப் பிரித்தால் ரத்தம். போதாதென்று காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா? நம் மகள் சோற்றுத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, டிவியில் தலை உருளுவதைக் கண் இமைக்காமல் பார்க்கிறாள். பல்லியைக் கண்டால் ஊரைக் கூட்டுகிறவள்.

கல்லறைத் திருநாளன்று உங்கள் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். பூ விற்க வந்த அம்மா அதிலிருந்த பெயரைப் படித்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தார். உங்கள் நாவல் ஒன்றுவிடாமல் படித்தவராம். எரிச்சலில் கேட்டேவிட்டேன்.

"அந்தக் கண்றாவியில அப்படி என்னங்க இருக்கு?"

"எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போனாரு, திரும்பி வரலைங்க. லாரின்னாங்க. எந்த லாரி, யாரு ஓட்டுனா, ஒண்ணும் தெரியாது" என்றார். "கதையில பாருங்க, யாரு கொன்னா, எதுக்குக் கொன்னா, எல்லாம் கண்ணு முன்னால நடக்குது. பயமாத்தான் இருக்கும். ஆனா கடைசிவரைக்கும் கூடவே இருக்கோம்ல?"

அதற்கப்புறம் எனக்கு மெழுகுவர்த்தி ஏற்றக் கை வரவில்லை. அந்த அம்மாதான் ஏற்றிக் கொடுத்தார். கோபமெல்லாம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

நீங்கள் போன அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில், "ஒரு காப்பி வாங்கிட்டு வாயேன்" என்று என்னை அனுப்பினீர்களே, எதற்கு? உங்களுக்கோ தண்ணீரே சொட்டுச் சொட்டாகத்தான். பிளாஸ்கோடு வந்தால் நர்ஸ் திரையை இழுத்துவிட்டிருந்தாள். ரத்தத்தைப் பார்த்தால் நீங்கள் மயங்குவதுபோல, நானும் மயங்கி விழுவேன் என்று நினைத்தீர்களா? எத்தனை பேரைக் கொன்றவள் நான்! ஒரே ஒரு சாவுக்குப் பக்கத்தில் இருக்க விடவில்லையே நீங்கள்.

அந்த அரைப் பக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். நாளைக் காலையில் மீன் வாங்கி வந்ததும் உட்காருகிறேன். முசிறிக்காரருக்குக் குறை வைக்க மாட்டேன், ரத்தம் வேண்டிய மட்டும் இருக்கும். ஆனால் மில் முதலாளியின் பெண்டாட்டி அந்த அறையிலேயே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளைக் காப்பி வாங்க அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கொலைகளையெல்லாம் எழுதிய மனைவி
ஸ்டெல்லா