முன் டயரின் உட்புறம்

இல்லை, கை அல்ல. கார்தான்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு டயர் கடை. ரப்பர் மணம். கழற்றிய முன் டயர் என் காலடியில் கிடக்கிறது, அப்பா. வெளிப்பக்கம் புதிது போல. உட்பக்க ஓரம் வழித்தெடுத்தாற்போல் தேய்ந்து, கம்பி தெரிகிறது.

"இத நம்பியா வந்தீங்க?" என்றார் கடைக்காரர். "தடவிப் பாருங்க தங்கச்சி. டயரா இது, அரம்!"

தடவினேன். ஒரு திசையில் வழுவழுப்பு. மறு திசையில் விரலைப் பிடித்தது.

டயர் மாட்டிய சில்லு நேராக ஓடவில்லை. அதனால் கோணலாகத் தேய்ந்த டயர், வேகம் கூடினால் ஸ்டியரிங்கை உதறும் என்றார். "ஷொக் மாத்திட்டு அலைன்மென்ட் பிடிக்கலியா?"

கராஜில் ஷொக், புஷ் எல்லாம் மாற்றினோம். நீங்கள் போவதற்கு முந்தைய வருடம். சில்லை நேர்பார்க்கும் மெஷின் தன்னிடம் இல்லை, வேறிடத்தில் பிடியுங்கள் என்று கராஜ்காரர் சொன்னார். மறுநாள் போயா விடுமுறை. எல்லாம் பூட்டு. நீங்கள் காரைப் பிள்ளையார் கோயிலுக்கு விட்டீர்கள். கற்பூரம். நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம். பழங்கள் நசுங்கியதும், "சரி, வேல முடிஞ்சிச்சு" என்றீர்கள். முடிந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தோம்.

சில மாதங்கள் கழித்து, ஹுன்னஸ்கிரியவில் அத்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மாலை. சாவியை மேசையில் வைத்தீர்கள்.

"இனி நான் ஓட்டல மகள். கை நடுங்குது. தாத்தாவுக்கு வந்ததுதான்."

ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமலே முடிந்துபோனவர் தாத்தா. அம்மா அழுதார். டாக்டரிடம் போவோம் என்றேன்.

"எதுக்கு? எனக்குத் தெரியாத வியாதியா?"

நம் வீட்டில் ஒருவர் தன் இயலாமையைத் தானே சொல்லிவிட்டால், யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அது மரியாதை.

அதன்பின் உங்களுக்கு பஸ். அத்தை வீட்டுப் பயணம் நின்றது. பிறகு மாரடைப்பில் போய்விட்டீர்கள். கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஷெட்டில் நின்ற காரை நான் எடுத்தேன். போன மாதம், பேராதனைப் பக்கம் நல்ல ரோட்டில் வேகம் கூட்டினேன். என் கைகள் நடுங்கின. ஓரமாக நிறுத்தி விரல்களைப் பார்த்தேன். தாத்தா. நீங்கள். நான். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று நாவலப்பிட்டியிலிருந்து திரும்பும்போது என் கையை நம்பப் பயமாக இருந்தது. கூட வேலை செய்யும் தோழியை ஓட்டச் சொன்னேன். கம்பளை தாண்டியதும் கத்தினாள்.

"என்னடி இது, ஒன் கார் சாமியாடுது!"

அவள் கைகளைப் பார்த்தேன். அவையும் நடுங்கின.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நேரே ஒரு டயர் கடைக்கு விடச் சொன்னேன்.

சாவியை வைத்த பிறகும் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தீர்கள், அப்பா. ஒரே முயற்சியில். நான் பார்த்தேன். அம்மா பார்த்தார். நீங்களும்தானே பார்த்தீர்கள். காரை நம்பினீர்கள். கையை நம்பவில்லை.

கடைசி வருடம் முழுக்க, டிவிக்கு முன்னால், வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். நடுங்காத கையை. இனி உங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு கைகள்தான் வரும்.

முன் டயர் இரண்டையும் மாற்றி அலைன்மென்ட் பிடித்தார்கள். நான் வெளியே வந்து அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"அப்பா கைக்கு ஒன்னுமே இருக்கல, அம்மா. எனக்கும் ஒன்னுமில்ல."

"ஒனக்கு என்னடி?"

முழுவதையும் சொன்னேன்.