நௌஷிர்வானின் கோணல் முற்றம்

லாத்தா,

மங்காஃபில் நம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் இரானி ரொட்டிக் கடையில் இன்று சாயங்காலம் வரிசையில் நின்றேன். தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்துப் போட்ட ரொட்டியை வாங்கி, சூடு தணிய அங்கேயே செய்தித்தாளில் விரித்து வைத்தேன். மாவு லேசாகக் கருகிய அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. திரும்பி, இரண்டு போதுமா மூன்று வாங்கவா என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். பின்னால் நின்ற ஆள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

நீங்கள் ஒரு நாளும் ரொட்டியை வீடு வரை முழுசாகக் கொண்டுவந்ததில்லை. லிஃப்டுக்குள் நுழைவதற்கு முன்பே ஓரத்தைப் பிய்த்து எனக்குப் பாதி தருவீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் நின்றது குவைத்தில் இல்லை. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு பாரசீகக் கடைத்தெருவில் நின்று தின்றுகொண்டிருந்தீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நான் அரியலூர்ப் பக்கத்துக்காரி, ஃபஹாஹீலில் ஒரு கட்டுமான கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவள். நீங்கள் ராமநாதபுரம் கரையோரத்துக்காரர், அதே ஃபஹாஹீலில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி. எதிர் ஃபிளாட். அக்காவை எங்கள் ஊரில் லாத்தா என்போம் என்று முதல் நாளே சொல்லி என் வாயில் அந்தப் பேரை ஏற்றிவிட்டீர்கள். வரலாற்றில் பி.ஏ. முடித்து, எம்.ஏ. சேர்வதற்குள் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னபோது உங்களுக்கு வருத்தமே இல்லாதது போலச் சிரித்தீர்கள். நான் நம்பவில்லை. பெற்ற மகளுக்கே நஸ்ரின் என்று பாரசீகக் காட்டு ரோஜாவின் பேரை வைத்தவருக்கா வருத்தம் இல்லை?

வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைப் பாதையில் நடப்போம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி, "அங்கே பாரு, அதுதான் பாரசீகம்" என்பீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய்க் கப்பல்களின் விளக்கும் தூசி மண்டிய வானமும்தான். ஆனால் நீங்கள் பேசப் பேச அந்தத் தூசிக்குள்ளிருந்து ஏதாவது ஒன்று எழுந்து வரும். ராஜபாட்டையில் தபால் குதிரைகள் ஓடும். கோயிலில் பூசாரிகள் மூச்சுக்காற்றுகூடப் படாமல் வாயில் துணி கட்டிக்கொண்டு நெருப்பை வளர்ப்பார்கள். மதாயின் நகரத்து அரண்மனையில் அந்தப் பெரிய செங்கல் வளைவு நிற்கும். வீட்டுக்கு வந்து இட்லிக்கு அரைக்கும்போதும் என் தலைக்குள் குதிரைகள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

நமக்குள் வந்த முதல் சண்டை ஒரு கம்பளத்தைப் பற்றி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பனிக்காலத்தில் தோட்டம் இல்லாத குறை தீர, பாரசீக ராஜா ஒரு வசந்தத்தையே நெய்து வைத்திருந்தாராம். பொன்னிழையில் தரை, மணிக்கல்லில் பூ, பளிங்கில் வாய்க்கால். அரபுப் படை மதாயின் நகரத்தைப் பிடித்ததும் அந்தக் கம்பளம் மதீனாவுக்குப் போனது, அங்கே துண்டு துண்டாக வெட்டிப் பங்கு போட்டார்கள் என்றீர்கள். அநியாயம், பாழாக்கிவிட்டார்கள் என்று நான் குதித்தேன். ஒரே ஒருத்தன் உட்கார்ந்த தோட்டம் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததில் என்ன அநியாயம் என்று நீங்கள் கேட்டீர்கள். வீடு வந்து சேரும் வரை ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம்.

பக்கத்து நாடான இராக்கில் போர் வந்தபோது ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் டேப் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அப்போதும் நீங்கள் டிவி முன்னால், பாக்தாத் பக்கத்தில் இருக்கும் அந்த மதாயின் வளைவுக்கு ஒன்றும் ஆகியிருக்காதே என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சைரன் கேட்டுக் கட்டடத்துப் பிள்ளைகளெல்லாம் நடுங்குகிறார்கள், உங்களுக்குச் செங்கல்தான் பெரிசா என்று கத்திவிட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. பாக்தாதைக் கட்டிய கலீஃபா அந்த வளைவை இடித்துச் செங்கல் எடுக்கப் பார்த்தார், இடிக்கிற செலவு தாங்காமல் பாதியில் விட்டுவிட்டார், அதனால் இதுவும் தாங்கும் என்று எனக்கே ஆறுதல் சொன்னீர்கள்.

அந்த அரண்மனையின் கதையை நீங்கள் எனக்குச் சொன்னது அந்த வாரத்தில்தான். நௌஷிர்வான் ராஜா அதைக் கட்டியபோது பக்கத்தில் ஒரு கிழவியின் குடிசை இருந்ததாம். எவ்வளவு கேட்டும் அவள் விற்கவில்லை. பிடுங்க ராஜாவுக்கு மனம் வரவில்லை. முற்றத்தையே கோணலாக வளைத்துக் கட்டினார்கள். அவள் சமைக்கும் புகை அரண்மனைச் சுவரில் படிந்ததாம். பிறகு ரோம் நாட்டுத் தூதர் வந்து, இவ்வளவு பெரிய அரண்மனையில் முற்றம் மட்டும் ஏன் கோணல் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும், நேராக இருந்திருந்தால் இவ்வளவு அழகாக இருந்திருக்காது என்றாராம்.

நான் சும்மா இருப்பேனா? செருப்புத் தைக்கிறவன் தன் மகனைப் படிக்க வைத்து எழுத்தர் வேலைக்கு அனுப்ப அனுமதி கேட்டபோது, அவனவன் குலத்தோடு இருக்கட்டும் என்று சொன்னதும் இதே ராஜாதான் என்று நீங்களே போன மாதம் சொன்னீர்களே என்று மடக்கினேன். ஆமாம் என்றீர்கள். எதிர்த்த கூட்டத்தைக் கொன்று குவித்ததும் இவன்தான் என்று நீங்களே இன்னொன்றையும் சேர்த்தீர்கள்.

"கிழவி கதை நடந்துச்சோ இல்லியோ, எனக்குத் தெரியாது. ஆனா அவன் செஞ்ச எல்லாத்தையும் விட்டுட்டு ஜனங்க இந்தக் கோணலைத்தானே ஞாபகம் வச்சிக்கிட்டாங்க."

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கதை உங்கள் வீட்டுக் கதவையே தட்டியது.

உங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். நஸ்ரினுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. சவூதியில் அல் கோபாரில் வேலை, உங்கள் ஊர்ப் பையன்தான், அவளுக்கும் பிடித்திருந்தது. வீடு கட்டத் தொடங்க வேண்டும். ஊரிலிருந்து உங்கள் தம்பி மனையை அளந்து அனுப்பினார், நான் ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து படம் போட்டேன். மனைக்குள் ஒரு மூலை மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அது பக்கத்து வீட்டு மைமூனம்மாவின் அடுப்படி. புருஷன் இல்லாதவர், விடிகாலையில் விறகடுப்பில் இடியாப்பம் அவித்து விற்றுப் பிழைக்கிறவர். அந்த மூலை நிலம் அவருடையது, பத்திரமும் அவர் பேரில். தரமாட்டேன் என்று அழுதிருக்கிறார். பெரியவர்களை வைத்து அழுத்திப் பேசினால் தானாக வழிக்கு வந்துவிடுவார் என்று உங்கள் தம்பி போனில் சொன்னார்.

மாப்பிள்ளையின் உம்மாவோ கூடம் நீளமாக, நேராக இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கோணல் வீட்டுக்கு என் மகனை அனுப்ப மாட்டேன் என்று அவர் யாரிடமோ சொன்னது காற்று வழியாகக் கடல் தாண்டி உங்கள் காதுக்கும் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் ஹாலில் தரையில் படத்தை விரித்து, நாலு மூலைக்கும் டம்ளர் வைத்திருந்தோம். நஸ்ரின் சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ கிச்சன். வேற இடத்துல கட்டிக் கொடுத்துடலாம்" என்றாள். கண் சிவந்திருந்தது. அவள் கெட்ட பெண் இல்லை, லாத்தா. அவளுக்கு அந்தப் பையன் வேண்டும், அவ்வளவுதான். நானும் அவள் பக்கம்தான் நின்றேன். இதென்ன அரண்மனையா, நீங்கள் என்ன நௌஷிர்வானா என்றுகூடக் கேட்டேன்.

நீங்கள் குனிந்து படத்தில் அந்த அடுப்படியைத் தொட்டீர்கள். விரல் அந்த மூலையிலேயே நின்றது.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு புள்ளே. இந்தக் கல்யாணம் நின்னுபோச்சுன்னா நான் என்ன செய்வேன்? ஆனா அந்த அடுப்பை இடிச்சிட்டு, அது மேலேயே பாயை விரிச்சி நான் எப்படித் தொழுவேன்?"

நஸ்ரின் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்கள் என்னைப் பார்த்து, சுவரை இங்கே வளைத்துவிடு என்றீர்கள். கம்ப்யூட்டர் கோடு நேராகத்தான் போகும், வளையாது என்று வீம்புக்குச் சொன்னேன். நேர்கோட்டை நிறுத்துகிற பொத்தான் ஒன்று இருக்கிறது என்று நீதானே சொன்னாய் என்றீர்கள். சொல்லித் தொலைத்திருந்தேன். மறுநாள் அந்தப் பொத்தானை அழுத்தி, மைமூனம்மாவின் அடுப்படியைச் சுற்றிச் சுவரை வளைத்தேன். கூடம் பாதியில் முறுக்கிக்கொண்டு போனது. என் வாழ்க்கையில் நான் போட்ட படங்களிலேயே அசிங்கமானது அதுதான்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேச்சே இல்லை. நஸ்ரின் உங்களோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். ரொட்டிக் கடை வரிசையில் நீங்கள் பாரசீகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஓரத்தைப் பிய்க்கவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. ராஜாவுக்கென்ன, அவனுக்குக் கோணல் முற்றம் போனால் இன்னொரு முற்றம். உங்களிடம் இருந்தது ஒரே ஒரு மகள் என்று எனக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அல் கோபாரிலிருந்து அந்தப் பையனே போன் செய்தான். நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டீர்கள். உம்மாவிடம் பேசிவிட்டேன் என்றான். "கட்டில் போட இடமிருந்தாப் போதும் மாமி. இங்கே ரூம்ல எட்டுப் பேர் படுத்திருக்கோம், கூடம் நேரா இருந்தா என்ன, வளைஞ்சா என்ன?" நீங்கள் சிரித்துக்கொண்டே அழுதீர்கள். உள்ளே சாத்தியிருந்த கதவு திறந்தது.

லீவு கிடைக்காமல் நான் கல்யாணத்துக்கு வரவில்லை. சம்பந்தியம்மா முகத்தை இரண்டு நாள் தூக்கி வைத்திருந்தார் என்றும், மூன்றாம் நாள் பக்கத்து அடுப்படியிலிருந்து சுடச்சுட இடியாப்பம் வந்ததும் முகம் இறங்கிவிட்டது என்றும் போனில் சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு உங்கள் வீட்டுக்காரர் கடையைக் கொடுத்துவிட்டு உங்களையும் கூட்டிக்கொண்டு ஊரோடு போய்விட்டார். எதிர் ஃபிளாட்டுக்கு வேறு யாரோ வந்தார்கள். அவர்களுக்குப் பாரசீகமும் தெரியாது ஒன்றும் தெரியாது.

போன வருஷம் நான் லீவில் அரியலூரில் இருந்தபோதுதான் நீங்கள் மவுத்தான செய்தி வந்தது. பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நான் வரைந்த வீட்டுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது அப்படித்தான். படத்தில் அவ்வளவு அசிங்கமாக இருந்த அந்த வளைவில் பெண்கள் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நஸ்ரின் என்னைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.

மவுத் விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அப்போது வளைந்த சுவரில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. நான் வரையாத ஜன்னல். விறகுப் புகை உள்ளே வந்தது. பின்னாலேயே இடியாப்பத் தட்டை ஏந்திய ஒரு கை வந்தது, அடுத்து உங்கள் ஊர்க் குழம்பான ஆணம் இருந்த சட்டி. "பிள்ளைக்குக் கொடும்மா, நேத்திலேருந்து ஒண்ணும் திங்கலே" என்றது மைமூனம்மாவின் குரல். அந்த ஜன்னலை உம்மாதான் கொத்தனாரிடம் சொல்லி வைத்தார் என்றாள் நஸ்ரின். ஜன்னலுக்கு மேலே வெள்ளைச் சுவர் புகையில் கருத்திருந்தது. அதை வெள்ளையடிக்க உம்மா விடவில்லையாம். நஸ்ரினுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, நானும் அந்தத் தட்டிலிருந்தே சாப்பிட்டேன்.

லாத்தா, கம்பளத்தை வெட்டியது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது, அந்தச் சண்டையை நான் விடப்போவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்த மனையின் அளவு என் மேஜைக்கு வந்தாலும், கோடு போடுவதற்கு முன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். சைட் இன்ஜினியருக்கு எரிச்சல். இருக்கட்டும்.

இன்று ரொட்டியின் ஓரத்தை லிஃப்டிலேயே பிய்த்துத் தின்றேன். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் உங்கள் வீட்டுப் படத்தைத் தேடித் திறந்து, அந்தக் கோணல் சுவரில் நீங்கள் வைத்த ஜன்னலை வரைந்து வைத்தேன்.