கதவிடுக்கில் ஒட்டிய டேப்

ஜனவரி 9, வியாழன்
மதியம் 2.17. விபத்து என்று போன். போய்ப் பார்த்தேன். என் மனைவிதான்.

பிப்ரவரி 3, திங்கள்
பாப்பாவுக்கு மறுபடி மூச்சிழுப்பு. ஹாலில் ஹீட்டர் நாள் முழுக்க ஓடியும் 14 டிகிரி. மலை ஊர், பழைய வீடு, எங்கிருந்தோ காற்று நுழைகிறது. ஜன்னல் ஓரமெல்லாம் சிலிகான் அடித்தேன். 14.5.
மச்சான் போனில்: "இன்ஜினியர்னு பேருதான் மாப்ள. என் தங்கச்சி புள்ளைய ஐஸ்பெட்டியில வச்சிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."
எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 5, புதன்
காற்றுக்கசிவு சோதிக்கும் அம்மா ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறார். வாசல் கதவில் பெரிய விசிறி மாட்டி வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார். ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிக்காற்று உள்ளே பாயும்.
"உள்கதவு எல்லாம் திறந்திருக்கணும் சார்."
எல்லாம் என்றால்?
எங்கள் படுக்கையறையை அவள் போன அன்றைக்கே பூட்டினேன். இடுக்கெல்லாம் டேப். பாப்பாவும் நானும் ஹாலில்தான் படுக்கிறோம். உள்ளே அவள் இருந்த காற்று அப்படியே இருக்கு. எனக்கென்ன பைத்தியமா? இருந்துட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 6
அறை 32 கன மீட்டர். அவள் இருந்த காற்று அதில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடப் பயந்து தாளைக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி
எல்லாக் கதவையும் திறந்தேன், அதைத் தவிர. "ஸ்டோர் ரூம்" என்று பொய் சொன்னேன். விசிறி ஓடியது. டேப் ஹால் பக்கமாக உப்பியது, விசிலடித்தது, ஒரு முனை பிய்ந்தது.
பாப்பா ஓடி வந்தாள். "அப்பா, அம்மா ரூம் ஊதுது!"
அந்த அம்மா என்னைப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார்: "சார், இந்த ரூம் வீட்டுக்குள்ளயே இல்ல. தெருவுலதான் இருக்கு. ஹாலை ஐஸாக்குறதே இதுதான். விசிறிய நிறுத்தட்டுமா?"
வேண்டாம் என்றேன். சாவி எடுத்தேன்.
பீரோவுக்குப் பின்னால், எப்போதோ குழாய் பிடுங்கிய ஓட்டை. என் கையே நுழைகிறது. அறைக்குள் வண்டிப் புகை வாசனைதான். வேறு எதுவும் இல்லை.
இருபத்தொம்பது நாளா எதைடா காவல் காத்தே? தெருக் காத்தையா?

பிப்ரவரி 8
ஓட்டையை அடைத்துப் பூசினேன். அந்த வெளிச்சுவருக்கு உள்பக்கம் தெர்மாகோல் பலகை. கட்டிலுக்குப் புது விரிப்பு. மாலையில் ஹாலில் 18.5. பாப்பா கட்டிலில் அவள் படுக்கும் பக்கமாக ஏறிப் படுத்துக்கொண்டாள். நான் போர்த்திவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு
மச்சான் காலிப் பையோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். படுக்கையறை வாசலில் நின்று பாப்பா மூச்சுவிடுவதைக் கேட்டார். ரொம்ப நேரம்.
"எழுப்ப வேணாம் மாப்ள. நான் கெளம்பறேன்." பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.
மூன்றரை மணி. இழுப்பு இல்லை, இன்னும் தூங்குகிறாள். ஓரமாக எனக்கும் இடம் இருக்கிறது. போனை அணைத்துவிட்டேன்.