இடது கன்னத்தில் மஞ்சள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். ஈரக்காற்று. ஜன்னல் எல்லாம் சாத்தியும் இடது கன்னத்தில் இரண்டு முறை வந்துவிட்டது. ஈறில் கரண்ட் கம்பியை வைத்து இழுத்த மாதிரி. பல் தேய்க்கவில்லை, வாய் கொப்பளித்ததோடு சரி. 'முக நரம்பு வலி' என்று டாக்டர் பெயர் வைத்து மூன்று வருஷம். மாத்திரையைக் கூட்டியதிலிருந்து ஒரே மந்தம். இன்று குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் அரிசி.

மாடிப்படியில் வசந்தி அக்கா (என் வீட்டுக்காரரின் அக்கா, மாடி வீடு, இனிமேல் வ. போதும்) பூக்காரம்மாவிடம்: "தொட்டா வலிக்குதாம், காத்து பட்டா வலிக்குதாம். சாப்பாட்டு நேரத்துல மட்டும் எல்லாம் சரியாயிடும் போல."

பாவி. மென்றால்தானே உயிர் போகிறது எனக்கு.

போன வருஷ வரமகாலட்சுமி பூஜை மறக்குமா? அவள் வீட்டில். "கன்னத்துல மட்டும் வேணாம் அக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "மஞ்சள வேணாங்கலாமா? லட்சுமி கோச்சுக்குவா" என்று சிரித்துக்கொண்டே தேய்த்தாள். அத்தனை பெண்கள் நடுவில் தரையில் சுருண்டேன், தாம்பூலத் தட்டு கவிழ்ந்தது. பூஜையைக் கெடுத்தவள் என்ற பட்டம்தான் மிச்சம்.

இந்த வருஷம் பூஜை கீழே, என் வீட்டில். மஞ்சள் கிண்ணம் என் கையில். வரட்டும்.

7, வியாழன்

பெங்களூரு மல்லேஸ்வரம் மார்க்கெட். மூஞ்சி முழுக்க ஸ்கார்ஃப். வாங்கியது: தாமரை, வாழைக்கன்று, வெற்றிலை, வளையல். மறந்தது: தேங்காய். வாழைக்கன்று விற்கிறவள், "யாக்கம்மா, ஹல்லு நோவா?" ஏம்மா, பல்வலியா என்று கன்னடத்தில் கேட்கிறாள். ஆமாம் என்றே தலையாட்டினேன். விளக்கம் சொல்ல வாய் அசைய வேண்டுமே.

அவரிடம் மட்டும் சொன்னேன்: நாளைக்கு எல்லாருக்கும் மஞ்சள் குங்குமம், உங்க அக்காவுக்குக் கிடையாது.

"ஐயோ, சபையில அவங்கள விட்டா பெரிய அவமானம். பழச மறந்துடேன், பெரியவங்க."

"அதனாலதான்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குக் கன்னத்தில் ஒரு வெட்டு. சண்டை போடவும் வாய் வேண்டியிருக்கிறது, சே.

8, வெள்ளி

மழை இல்லை. மாத்திரை வேளைக்குப் போட்டாயிற்று. ஃபேன் ஆஃப். வந்தவர்கள் வியர்த்தால் வியர்க்கட்டும்.

வரிசையாகப் பூசிக்கொண்டு வந்தேன். வ. பட்டுப்புடவையில் கண்ணை மூடிக் கன்னத்தை நீட்டினாள். தாண்டினேன். அடுத்தவளுக்குப் பூசினேன். வ. கண் திறந்தபோது இருந்த முகம்! வயிறு குளிர்ந்தது. சிரித்துவிட்டேன்.

சிரித்ததுதான் தப்பு. பொட்டிலிருந்து தாடை வரை அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். கிண்ணத்தைக் கீழே போடவில்லை, போட மாட்டேன்.

"பாத்தீங்களா, லட்சுமி பாத்துக்கிட்டுத்தான் இருக்கா" என்றாள் வ., எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

எதிர்வீட்டு சரோஜம்மா மட்டும் எழுந்து வந்தார். "முகக்கே பேடம்மா, கைகே ஹச்சுத்தீனி" என்று என் மணிக்கட்டில் மஞ்சள் வைத்தார். அவ்வளவுதான். முகத்துக்கு வேண்டாம், கைக்கு. இவ்வளவு சுலபமா! எனக்கு அழுகை வரவில்லை, வ. மேல் ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

எல்லாரும் போன பிறகு வ. தனியாக இறங்கி வந்தாள். "எங்க வீட்டுக்காரருக்குத் திங்கக்கெழம கண் ஆபரேஷன். குங்குமம் வாங்காம ஆஸ்பத்திரிப் படியேற மனசு வரல. குடுத்துடும்மா."

கிண்ணத்தை எடுத்தேன். மெதுவாக, உதடு அசையாமல் கேட்டேன்: "எங்க வெக்கட்டும் அக்கா? கன்னத்துலயா, கையிலயா? சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் வெப்பேன்."

புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "கன்னத்துல" என்றாள், சன்னமாக.

இரண்டு கன்னத்திலும் பூசினேன். இடது பக்கம், என் பலம் கொண்ட மட்டும் அழுத்தித் தேய்த்தேன்.

அவளுக்கு வலிக்கவே இல்லை.