மத்தம்பூத் தோரன்

ஜூலை 28
இன்றும் மத்தம்பூத் தோரன். பரங்கிப்பூவைத் தேங்காய்த் துருவலோடு வதக்கினால் அமிர்தம். கொடி கிணற்றுச் சுவர்வரை ஓடிவிட்டது. இந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் விளைச்சலில் பெரிய மத்தங்காய் என்னுடையதுதான். ஆறு ஆண்டாக அந்தப் பெருமையும் பக்கத்து வீட்டு ஞானசிகாமணிக்கு. "பெருமையும்" என்றுதான் எழுதுவேன். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர். அன்றே வேறு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். பேச்சில்லை. மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை.

ஆகஸ்ட் 2
இன்னொரு பிஞ்சும் அழுகி விழுந்தது. ஏன்?

ஆகஸ்ட் 3
தாவரவியல் முதுகலை! வருடாவருடம் வகுப்பில் மகரந்தச் சேர்க்கை நடத்துகிறவன்! ஆண்பூ முழுவதையும் தோரன் வைத்துத் தின்றிருக்கிறேன். ராகேலிடம் கத்தினேன்.

"பிஞ்சு இல்லாத பூவா பாத்துல்லா பறிச்சேன்! நீங்கதான தெனமும் தோரன் கேட்டிய?"

சிரிப்பு தாளாமல் அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கட்டின மனைவி.

நாளை ஒரு பெண்பூ விரியும். இதுவும் போனால் பண்டிகைக்குள் இன்னொன்று முற்றாது. ஆண்பூ மதிலில் தொங்குகிறது, கொத்துக்கொத்தாக. அந்த ஆள் வீட்டுக் கொடி.

ஆகஸ்ட் 4
விடிந்ததும் மதிலோரம் போய் ஒன்றே ஒன்று — திருட்டு என்று சொல்ல மாட்டேன் — கிள்ளினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருமல். இடுப்பில் சாரம் கட்டி, வாயில் பிரஷ்ஷோடு அந்த ஆள்.

"ஓய், அது எங்க வீட்டுப் பூவாக்கும்."

"தெரியும். பெண்பூ விரிஞ்சிருக்கு. இங்க ஆண்பூ இல்ல."

"எங்க போச்சு?"

"தோரன்."

நுரை தெறிக்கச் சிரித்தார். "அப்போ மாப்பிள எங்க வீடு, பொண்ணு உம்ம வீடு. நாம சம்பந்தியாக்கும் வேய்!"

நான் சிரிக்கவில்லை. பூவைப் பூவில் தொட்டுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 10
பிடித்துவிட்டது! எலுமிச்சை அளவு! ராகேலை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இதுக்கா எழுப்பினிய?" இதற்குத்தான்.

செப்டம்பர் 15
இரண்டு கைக்கும் அடங்கவில்லை. ஈரம் படாமல் அடியில் ஓலை வைத்தேன். மதிலுக்கு மேல் அந்தத் தலை: "பேரப்பிள்ள நல்லா தேறிட்டே!" பேரப்பிள்ளையாம்! பங்கு கேட்பாரோ? நேற்று காயின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடினேன். எனக்கு என்னதான் ஆயிற்று?

அக்டோபர் 6
என் காய்தான் பெரியது! அந்த ஆளுடையது பக்கத்தில் கோழிமுட்டை! ஏலம் தொடங்கியதும் முதலில் கை தூக்கியது அவர். என் காய் அவர் வீட்டுக்கா? நானும் தூக்கினேன். நான் கொடுத்த காயை நானே! அவர் ஏற்ற, நான் ஏற்ற, போதகர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓய் சம்பந்தி, பேரப்பிள்ளய ஒருநாளாவது எங்க வீட்டுல விடும்!"

சபையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு முட்டி, அடுத்த விலை வாயில் வரவில்லை. மூன்று தரம். போயிற்று.

அக்டோபர் 7
மதில்மேல் ஒரு பாத்திரம். மத்தங்காய் எரிசேரி, சூடாக. சம்பந்தி வீட்டில் உப்பு கொஞ்சம் கூடுதல்.

சொல்லவில்லை.