ஐந்து நாள் பாக்கியம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். இந்த டைரி கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. யாருக்காவது கொடுக்கலாம் என்று அம்மா பரணில் பத்திரமாக வைத்திருந்தாள். அதை எடுத்துக் கிறுக்குவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டால் நிம்மதியாக எழுதலாம்.

எழுதக் காரணம்: கடைக்கு ஆள் வந்திருக்கிறது.

அம்மாவின் நாஷ்டா கடை, சிப்காட் திருப்பத்தில். தள்ளுவண்டி, தார்ப்பாய், இரண்டு பெஞ்சு. போன வாரம் விக்னேஷ் என்று ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டையோடு. சாலையோரக் கடை நடத்தும் பெண்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். வேலை தேடும் பெண் ஒருத்தியை ஐந்து நாள் கூட வைத்துக்கொள்ள வேண்டுமாம். படிவத்தை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்து. அதை விட்டுவிட்டேன்.

வந்தவள் பெயர் பாக்கியம். ஐம்பது இருக்கும். வெளுத்த நூல் புடவை. வெங்காயம் வெட்டத் தெரியவில்லை.

"இன்னாமே, வெட்டச் சொன்னா அத்த தடவிக் குடுத்துகினு கீற?" அம்மா.

லாரி டிரைவர் ஒருவர் தட்டைத் தூக்கிக் காட்டி: "யக்கா, உப்புமால வெங்காயம் முழுசா கீது. எடுத்துகினு போய் நட்டா மொளைக்கும்."

அம்மாவின் ரவிக்கையில் சின்ன மைக், இடுப்பில் ஒரு பெட்டி. பாக்கியத்துக்கும் அதே. அம்மா நடக்கும்போதெல்லாம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், சாவிக்கொத்து மாதிரி.

ஆகஸ்ட் 6, புதன்

கம்பெனி லேபில் நான் சோதித்த இரண்டு சாம்பிள் திரும்பி வந்தன. லேப் பெரியவர் முறைத்தார்.

அம்மா தினமும் என் சாப்பாட்டைக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. இன்று கூடவே பா. (முழுப் பெயர் எழுத நீளம்.) அவள் பாட்டுக்கு நேராக உள்ளே நடந்தாள்.

"உள்ள போய் குடுத்தா என்ன?"

"ஏய், இன்னா உன் ஊடா இது? வாமே இப்டி!"

அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது ஜன்னலில் தெரிந்தது. சிரிப்பு வந்தது. செக்யூரிட்டி அண்ணன் பா.வுக்கு சல்யூட் வைக்கக் கையைத் தூக்கிப் பாதியில் இறக்கினார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

பா. பற்றி அம்மாவின் கணிப்பு:
– கை மெத்து. வசதியாக இருந்து நொடித்த குடும்பம்.
– புருஷன் சரியில்லை.
– "நீ ஒண்ணும் கேக்காத. அதுவா சொல்லும்."

சாயங்காலம் தன் புது ஹவாய் செருப்பைக் கழற்றி பா.வுக்குக் கொடுத்தாள். பழசு அம்மா காலுக்கு.

அம்மாவுக்குத் தோழி என்று ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. விடிவதற்கு முன்னால் மாவோடு எழுந்து, எட்டு மணிக்கே தூங்கிவிடுகிறவளுக்கு யார் வாய்ப்பார்கள். இப்போது ஒரு டீ, இரண்டு டம்ளர், பாதிப் பாதி. அம்மா இவ்வளவு பேசுவாள் என்று அப்பாவுக்கே ஆச்சரியம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. பெரியபாளையம் போகும் வேன்கள், வேப்பிலை கட்டி, வரிசையாக. கடையில் நல்ல வியாபாரம். பா.வுக்குக் கடைசி நாள். இன்று வடை தட்டினாள். வட்டமாக இல்லை, ஆனாலும் வடை.

ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். சுவரில் என் பட்டமளிப்பு போட்டோவை பா. ரொம்ப நேரம் பார்த்தாள். கறுப்பு அங்கியில் நான், இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அத்தை.

"அம்மா எங்க?"

"பெரியபாளையம். அன்னிக்கு வேண்டுதலாம்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

போன ஆடியில் பட்டமளிப்பு. வீட்டுக்கு இரண்டு பாஸ். அம்மா தன்னுடையதை அத்தைக்குக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். வேண்டுதலை ஒரு நாள் தள்ளிப்போட முடியாதா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு வருஷம்.

காமெராக்காரர்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அம்மாவும் பா.வும் பின்பக்கம் பாத்திரம் கழுவினார்கள். நான்கு பேர் சாப்பிட்ட பாத்திரத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

கிளம்பும்போது அம்மா ஐந்து நாள் கூலியை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாள். பா. கண் கலங்கிவிட்டாள்.

"இன்னாமே, இதுக்குப் போய். போற எடம் சரிப்படலன்னா திரும்பி வந்துடு. எதுனா பண்லாம்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

என்ன எழுதுவது.

கடை முன்னால் நீளமான கார். இறங்கியது பா. பட்டுப்புடவை, வைரத்தோடு. பின்னால் மூன்று காமெரா, ஒரு தொகுப்பாளர், குடை பிடிக்க ஒருவர். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அம்மா மட்டும்:

"பாக்கியம்! யாருதுமே இந்தப் பொடவ? எவகிட்ட இரவல் வாங்கன? எண்ண பட்டுடப் போவுது, தள்ளி நில்லு."

தொகுப்பாளர் விளக்கினார். பா. சென்னையில் அடுக்குமாடி கட்டும் கம்பெனியின் முதலாளி. பணக்காரர்கள் அடையாளத்தை மறைத்து முன்பின் தெரியாதவர்களோடு இருந்து, பிறகு பணம் கொடுக்கிற நிகழ்ச்சியாம் இது. இதுவரை 'அவள்' என்று எழுதிவிட்டேன். இனி அவர். மேடம்.

ஐந்து லட்சம். கதவு அகலத்துக்கு ஒரு அட்டை செக்.

அம்மா உடனே வாங்கிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், எல்லோருக்கும் வடை இனாம். ("வேணான்னு சொல்ல நான் இன்னா லூசா?" – அப்பாவிடம் பிறகு.) ஆனால் மேடம் கட்டிப்பிடிக்க வந்தபோது ஒரு அடி பின்னால் போனாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை வரை அந்தக் கையைத் துடைக்காமலே பா.வின் தலையில் தட்டியவள்.

தொகுப்பாளர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன வேணும்? தயங்காம கேளும்மா." தலையை ஆட்டினேன், ஒன்றும் வேண்டாம் என்று. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஆட்டினேன்.

மேடம் தன் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்தார். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாமாம்.

ஆகஸ்ட் 16, சனி

ராத்திரி நல்ல மழை. நிஜ செக் வங்கியில் போட்டாயிற்று. அட்டை செக் வீட்டுக்குள் நுழையவில்லை. அம்மா அதை அடுப்புக்குக் காற்றுத்தடுப்பாக வைத்துவிட்டாள். 'லட்சம்' வரைக்கும் கரி. அப்பா: "காத்துக்கு நல்லா நிக்கிது."

வாங்க வேண்டியவை: பெரிய கிரைண்டர். தகரக் கூரை. அப்பாவுக்குப் பல். எனக்கு ஏதோ, அம்மா சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"பாக்கியம் போன் எதுனா பண்ணுச்சா?" என்று கேட்டாள். மேடம் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை.

செப்டம்பர் 10, புதன்

விக்னேஷ் முன்னோட்டம் அனுப்பினான். "முதல்ல உங்களுக்குத்தான் சிஸ்டர்." கம்பெனி பஸ்ஸில் இயர்போன் போட்டுக் கேட்டேன்.

திரை முழுக்கக் கறுப்பு. பாத்திரம் கழுவும் சத்தம். அம்மா.

"பெரியபாளையம்லாம் சும்மா சொன்னது மே. அங்க எறங்கி பஸ்ஸு மாறி காலேஜுக்குத்தான் போனேன். கேட்டாண்ட புளியமரத்துக்குப் பின்னால நின்னுகினு பாத்தேன். கறுப்பு கோட்டு மாட்டிகினு வருது என் கொயந்த, வக்கீலு மாதிரி. உள்ள போயிருப்பேன். என் மேல எண்ண வாசன மே. எத்தினி சோப்பு போட்டாலும் போவாது. அது கூட நிக்கற பசங்க மூக்கப் பொத்திகினா அதுக்கு எப்டி இருக்கும்? வர்ற வழியில கோயில்ல குங்குமம் வாங்கியாந்துட்டேன். நம்பணும்ல."

பஸ் நின்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் அண்ணன்: "இன்னாமா, திரும்ப ஊட்டுக்கே வர்றியா?"

எண்ணெய் வாசனை வந்தால் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து எனக்கு அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

காமெராவை மூடினால் மைக்கும் மூடிவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

ஞாயிறு ஒளிபரப்பு. விக்னேஷிடம் அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். "அதான் எபிசோடோட உயிரே சிஸ்டர். கையெழுத்தும் போட்டுட்டீங்க. மேடம் சொன்னாதான் எடுக்க முடியும்."

தெரு முழுக்கப் பார்க்கும், அது போகட்டும். எனக்குத் தெரியக் கூடாது என்று ஒரு வருஷமாகக் காப்பாற்றியதை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அம்மா தன் குரலிலேயே கேட்கப் போகிறாள்.

அந்தக் குங்குமப் பொட்டலம் என் அலமாரியில் பிரிக்காமலே இருந்தது. கோபத்தில். இன்று பிரித்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். அம்மா பார்த்தாள். "சாப்ட வா," என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று முழுக்க நம்பரை எடுப்பதும் வைப்பதும். பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன், வைவாவுக்குப் போகிற மாதிரி.

மத்தியானம் லேபுக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம். சத்தத்தில் கொஞ்சம் தைரியம் வரும்.

மேடம் உடனே எடுத்தார். அம்மா எப்படி இருக்காங்க. ம். கிரைண்டர் வந்துடுச்சா. ம். அம்மா கொடுத்த செருப்பைத்தான் வீட்டுக்குள் போட்டுக்கொள்கிறாராம். கூலிப் பணத்தை வெற்றிலையோடு அப்படியே வைத்திருக்கிறாராம், வெற்றிலை காய்ந்துவிட்டதாம். ம்.

மனப்பாடம் எல்லாம் போய்விட்டது. வந்தது இதுதான்: "அம்மா அத உங்ககிட்டதான் சொன்னாங்க மேடம். டிவிகிட்ட சொல்லல."

எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"மைக் ஓடிட்டு இருந்தது எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சும் நிறுத்தச் சொல்லல." பிறகு, "எடுக்கச் சொல்றேன். இப்பவே."

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். வாசல் பக்கம் போய்ப் பேசினேன். உள்ளே அம்மா உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாச்சும்மா. ஞாயித்துக்கிழமை நிம்மதியா உக்காந்து பாருங்க. அந்தப் பதிவையே மொத்தமா அழிக்கச் சொல்லிடறேன். வேற ஏதாவது வேணுமா உனக்கு?"

பழக்கத்தில் தலையை ஆட்டினேன். போனில் அது தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் காத்திருந்தார். நான் வைத்துவிடவில்லை.

"அழிச்சிடாதீங்க மேடம். எனக்கு மட்டும் அனுப்பிடுங்க."