அட்டை என்று கிள்ளி எறிந்த மீன்

சேசு மரி சூசை துணை

எலப்புள்ளி,
9 பிப்ரவரி 1931

மாப்பிள்ளை பாஸ்கல் அவர்களுக்கு, லூர்துவின் தாயார் மதலேனம்மாள் எழுதுவது. நானும் லூர்துவும் குழந்தை செசிலியும் சுகமாக இருக்கிறோம். இந்தக் கடிதம் தூத்துக்குடி வீட்டுக்கு வரும்போது நீங்கள் கரையில் இருக்கிறீர்களோ மீன் ஆராய்ச்சிக் கப்பலில் இருக்கிறீர்களோ தெரியாது. எங்கிருந்தாலும் ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. கண்ணாடி ஜாடி உடையவில்லை. கடிதத்தையும் படித்தேன். பக்கங்களுக்கு எண் போடும் பழக்கம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. தன்னைவிடப் பெரிய மீனை விழுங்கிவிட்டு வயிறு ஊதிக் கிடக்கும் மீன், பகைவன் வந்தால் வெளிச்சத்தைக் கக்கிவிட்டு ஓடும் கூனிறால், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். கோயமுத்தூர் மடத்தில் எங்களுக்குப் பூகோளம் நடத்திய மதர், அத்தனை ஆழத்தில் உயிரே கிடையாது என்றுதான் சொன்னார். அவர் இருந்தால் உங்களை நம்பமாட்டார். நான் நம்புகிறேன்.

ஆனால், எப்போது வருகிறீர்கள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

வலையில் ஏறியதும் மீனின் நிறம் மங்கிவிடுகிறது, அதற்குள் வரைந்தாகவேண்டும், அதனால் லீவு கேட்க முடியவில்லை என்கிறீர்கள். குழந்தையும் அப்படித்தான். அவள் தவழ்ந்ததை நீங்கள் பார்க்கவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் புருஷன் வந்து அழைத்துப்போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ரயிலேற்றி விடுங்கள், ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று நீங்கள் எழுதியபோது நான் மறுத்தேன். சப்-ரிஜிஸ்திராராக இருந்தவரின் மகளைச் சாமான்போல் அனுப்பினார்கள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். பக்கத்துக் காட்டுக் குப்பண்ணன் ஞாயிறு தவறாமல் என்னை நிறுத்தி, “ஏனுங்கம்மா, மாப்ள கடலுக்குள்ளயே ஊடு கட்டிக்கிட்டாருங்களா?” என்று கேட்கிறான். அவனுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இனி ஜாடியின் சங்கதி. ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்த, தலையில் விளக்கு வைத்த பெண்மீன், அதன் வயிற்றில் கடித்து ஒட்டிக்கொண்ட குட்டி ஆண்மீன். அந்த இருட்டில் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதே அபூர்வம், கண்டுபிடித்தால் பிறகு விடுவதில்லை, இரண்டின் ரத்தமும் ஒன்றாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். லூர்து அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். அது ஜெபப் புத்தகத்தில் வைக்கும் காகிதம் அல்ல. கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

நம் வீட்டில் வேலைசெய்யும் மூக்கம்மாளை உங்களுக்குத் தெரியும். மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். போன சனிக்கிழமை நாங்கள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஜாடியைத் திறந்து, மீனை அலசி, சாம்பல் தடவி முறத்தில் காயப்போட்டுவிட்டாள். இங்கே கடல்மீன் கருவாடாகத்தானே வரும். அவளுக்கு வேறென்ன தோன்றும்? கேட்டதற்கு, “சாராய நாத்தம் கொடலப் பெரட்டுச்சும்மா. நல்ல மீனா இருந்தா மாப்ளை ஏன் இத்தினியூண்டு அனுப்பப்போறாரு? வயித்துல அட்டை வேற ஒட்டிக் கெடந்துச்சு, கிள்ளி எறிஞ்சிட்டேன்” என்றாள். எஸ்டேட்டில் பழகிய கை. அட்டையென்று கண்டால் கிள்ளாமல் விடாது.

பிரசவ வேதனையில் லூர்து வாய்விட்டு அழவில்லை. ஞானஸ்நானத்துக்கு நீங்கள் வராதபோதும் அழவில்லை. அன்றைக்குக் கோவிலுக்குக் கட்டிய சேலையோடு வாசலில் உட்கார்ந்து, குப்பையைக் கையால் கிளறி அந்தச் சிறிய மீனைத் தேடினாள். மூக்கம்மாளும் பயந்துபோய்க் கூடத் தேடினாள். கிடைக்கவில்லை. கோழி கொத்தியிருக்கும். “விடு லூர்து, செத்த மீன்தானே” என்றேன். “உங்களுக்கு எல்லாமே வழக்கம்தாம்மா” என்றாள். என் மகள் என்னை எதிர்த்துப் பேசியது இதுவே முதல் தடவை. பிறகு வாய்விட்டு அழுதாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எனக்கும் வயதாகிவிட்டது மாப்பிள்ளை. ஊருக்காக ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழைய தெம்பு இல்லை.

ஆகவே இப்படிச் செய்வோம். நீங்கள் எலப்புள்ளி வரை வரவேண்டாம். மதுரை வரை வாருங்கள். நான் லூர்துவையும் குழந்தையையும் அங்கே அழைத்துவருகிறேன். ஒரே ஒரு நாள். உங்கள் மேஜையில் இருப்பவை செத்த மீன்கள், அவை காத்திருக்கும். என்றைக்கு என்று தந்தி கொடுங்கள்.

பிளாட்பாரத்தில் எனக்கு மரியாதை ஒன்றும் செய்யவேண்டாம், பழமும் வாங்கவேண்டாம். அடுத்த வண்டிக்கே நான் திரும்பிவிடுவேன். வீட்டில் எனக்கு வேலை இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். “லூர்து, உன்னை அழைத்துப்போக வந்திருக்கிறேன்” என்று வாய்திறந்து சொல்லுங்கள். என் காதில் விழும்படி கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.

மாதா உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மதலேனம்மாள்